மூன்று எண்ணும் சரிதான்: சிங்கப்பூர் – நியூயார்க் தூரமும் நேரமும்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும் என்பது கேள்வி. கேட்டவர் சும்மா கேட்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். தூரம் ஒரு இடத்தில் 15,349 என்று இருக்கிறது, இன்னொன்றில் 9,537, மூன்றாவதில் 8,287. நேரமும் அப்படித்தான். ஒருவர் 17 மணி என்கிறார், மற்றொருவர் 19 என்கிறார். டிக்கெட்டைப் பார்த்தால் மதியம் கிளம்பி அன்றைக்கே சாயங்காலம் இறங்குகிற மாதிரி தெரிகிறதாம். எதை நம்புவது?

அவசரமாக இருப்பவர்களுக்கு முதலில் பதில்: தூரம் சுமார் 15,350 கி.மீ. நடுவில் எங்கும் இறங்காத விமானத்தில், இந்த விமான நிலையக் கேட்டிலிருந்து அந்த விமான நிலையக் கேட் வரை ஏறக்குறைய 18½ முதல் 19 மணி நேரம். இது போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏன் இத்தனை எண்கள் என்று தெரிய வேண்டுமானால் மேலே படியுங்கள். என்னைக் கேட்டால் தூரத்தைவிட நேரம்தான் சுவாரசியமான கேள்வி. தூரம் மாறாது, நேரம் தினம் தினம் மாறும்.

முதலில் அந்த மூன்று எண்கள். 15,349 என்பது கிலோமீட்டர். 9,537 என்பது சாதாரண மைல். 8,287 என்பது கடல் மைல். மூன்றும் ஒரே தூரம்தான். ஒரு சாதாரண மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பாகை அட்சரேகையை 60 ஆகப் பிரித்தால் வரும் ஒரு கலைதான் ஒரு கடல் மைல். அதனால் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அட்சரேகையே அவர்களுக்கு அளவுகோல் ஆகிவிடுகிறது. அலகைப் பார்க்காமல் 8,287-ஐச் சாதாரண மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் 13,334 கி.மீ. வரும், 2,000 கி.மீ. சுத்தமாகக் காணாமல் போகும். தூரம் சொல்லும் தளங்களில் நடக்கும் குழப்பத்தில் பாதி இதுதான்.

இந்த 15,349 கி.மீ. எந்த வழியாக அளந்தது? இதற்குப் பூகோள உருண்டை ஒன்றும் ஒரு முழம் நூலும் போதும். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூர் மேல் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தளர்வில்லாமல் எந்தப் பாதையில் நிற்கிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி, பெருவட்டப் பாதை என்பார்கள். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. ஏறக்குறைய நேர் வடக்கே ஏறி, வட துருவத்துக்கு 280 கி.மீ. பக்கத்தில் உரசிக்கொண்டு, அந்தப் பக்கமாக இறங்கும். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கு 74-இல். கூட்டினால் 178. இன்னும் 2 பாகை இருந்தால் இரண்டும் உருண்டையின் நேர் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கு நடுவே குறுக்குவழி உச்சந்தலை வழியாகத்தான் போகும்.

சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டவர்களுக்கு இது நம்பவே முடியாது. அந்தப் படத்தின் நேர்கோட்டில், திசைமாறாமல் பறந்தால் ஆகும் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 18,500 கி.மீ. வருகிறது. கண்ணுக்கு நேராகத் தெரிவது 3,000 கி.மீ.க்கும் மேல் சுற்று. உருண்டையைத் தட்டையாக விரித்ததற்கு நாம் கொடுக்கும் விலை அது. இன்னொன்று: பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால், எந்த இரண்டு ஊர்களும் 20,000 கி.மீ.க்கு மேல் விலகி இருக்கவே முடியாது. யாராவது 22,000 கி.மீ. என்று சொன்னால் அது அவர்கள் விமானம் சுற்றிப் போன தூரம், ஊர்களுக்கு இடையிலான தூரம் இல்லை.

சரி, விமானம் துருவம் வழியாகத்தான் போகிறதா? பெரும்பாலும் இல்லை. இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பல நாட்களில் வடகிழக்கே திரும்பி, ஜப்பான் பக்கமாக வட பசிபிக்கைக் கடந்து, வட அமெரிக்காவுக்குள் நுழையும். அப்படிப் போனால் 16,000 கி.மீ.க்கும் மேல் பறக்க வேண்டும். திரும்பி வரும்போது அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு. அதாவது போய்த் திரும்பினால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியதாகிவிடும், இரண்டு தடவையும் கிழக்கு நோக்கியே! குறுகிய வழி இருக்கும்போது எவனாவது சுற்றிப் போவானா என்றால், போவான், அந்தச் சுற்று வழியில் பின்னாலிருந்து காற்று தள்ளுமானால்.

தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். அதன் நடுப்பகுதியில் மணிக்கு 200 கி.மீ. வேகம் சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும். இதை 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று தன் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார் மனிதர். ஒருவரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறியபோதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

இந்தக் காற்று நேரத்தை எப்படி மாற்றுகிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். நீண்ட தூர விமானங்கள் காற்றுக்குள் பறக்கும் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. 9,000 கி.மீ. போக வேண்டும், காற்றே இல்லை என்றால் போக 10 மணி, வர 10 மணி, மொத்தம் 20. இப்போது வழி நெடுக 100 கி.மீ. வேகக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்காற்றில் தரைவேகம், அதாவது தரையிலிருந்து பார்த்தால் தெரியும் வேகம், 1,000, ஆகவே 9 மணி. எதிர்காற்றில் 800, ஆகவே 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். போகும்போது மிச்சமான ஒரு மணியைவிட வரும்போது கூடுதலாகப் போனது அதிகம். காற்று ஒருபோதும் சரிசமமாகத் திருப்பிக் கொடுக்காது. எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால், அது தொல்லை கொடுக்கும் நேரமும் நீண்டுவிடுகிறது. அதனால்தான் காற்று எதிர்க்கும் பாதையைத் தவிர்த்து ஆயிரம் கி.மீ. சுற்றினாலும் லாபமாக இருக்கிறது.

பின்காற்று எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் ஒரு நல்ல உதாரணம் நடந்தது. அட்லாண்டிக்கில் சியாரா புயல் அடித்த சமயம், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக இதற்கு 6 மணிக்கு மேல் ஆகும். வழியில் அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. உடனே "ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டதா" என்று பலர் கேட்டார்கள். இல்லை. ஒலியின் வேகத்தோடு ஒப்பிட வேண்டியது சுற்றியுள்ள காற்றுக்குள் விமானத்தின் வேகத்தை. காற்றே ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் விமானம் தன் வழக்கமான வேகத்தில்தான் போனது. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு 1996-இல் இதே வழியை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் முடித்தது. 2003-இல் அதன் சேவை நின்றுவிட்டது. அதன்பிறகு பயணிகள் விமானங்களின் வேகம் கூடவே இல்லை என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

இதோடு சேர்த்து அடிக்கடி வரும் இன்னொரு கேள்வியையும் முடித்துவிடுகிறேன். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாகவே எதிரே வந்துவிடாதா? வராது. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, ரன்வேயில் நிற்கும் விமானமும் சுற்றுகிறது. மேலே ஏறியதும் அந்தச் சுழற்சி கழன்றுவிடுவதில்லை. ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து கைக்கே திரும்பி வருவது போலத்தான். ஆனால் பூமியின் சுழற்சிக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே வளைவதற்கே அந்தச் சுழற்சிதான் காரணம்.

வடக்குத் தெற்காகப் போகும் வழிகளில் இந்த வித்தியாசம் அவ்வளவாக இராது. சிங்கப்பூர் – பெர்த் சுமார் 3,900 கி.மீ., போகவும் வரவும் ஏறத்தாழ 5 மணிதான். தெற்கு அரைக்கோளத்தில் கிழக்கு மேற்காகப் போனால் மறுபடி வித்தியாசம் பெரிதாகும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சிட்னிக்குச் சுமார் 12 மணி, சிட்னியிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு 14 மணி. தூரம் ஒன்றே, 11,000 கி.மீ.

காற்றுக்கு அடுத்தது மனிதர்கள் போடும் தடை. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒருவருக்கொருவர் வான்வெளியை மூடிக்கொண்டன. ஃபின்ஏர் நிறுவனத்தின் ஹெல்சிங்கி – டோக்கியோ விமானம் அதற்கு முன் ரஷ்யாவுக்கு மேலே பறந்து சுமார் 9½ மணியில் போய்க்கொண்டிருந்தது. மூடிய பிறகு வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு சுமார் 13 மணி. ஊர்கள் இரண்டும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. தூரக் கணிப்பான் இன்றும் அதே 7,800 கி.மீ.யைத்தான் காட்டும். அதை 900-ஆல் வகுத்து, "9 மணிதானே" என்று நினைத்துக்கொண்டு யாரையாவது கூப்பிடப் போனால் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

இனி டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம். அது பறக்கும் நேரம் இல்லை. கேட்டைவிட்டு நகரும் நொடியிலிருந்து அந்தப் பக்கம் கேட்டில் நிற்கும் வரை உள்ள நேரம். ரன்வே வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு மறுபடி ஊர்வது எல்லாம் இதற்குள் அடக்கம். நியூயார்க் மாதிரி நெரிசலான இடத்தில் இதற்கே அரை மணி போய்விடும். போதாததற்கு, தாமதம் என்ற பெயர் வரக்கூடாது என்று நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவைக்கும். "20 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று பெருமையாக அறிவிப்பார்கள், அது அவர்களே ஒளித்துவைத்த 20 நிமிடம். ஒருவர் 17 மணி சில்லறை என்பதும் மற்றவர் 19 என்பதும் இப்படித்தான். முதலாமவர் காற்றில் இருந்த நேரத்தைச் சொல்கிறார், இரண்டாமவர் அட்டவணையைச் சொல்கிறார்.

அப்புறம் அந்த "மதியம் கிளம்பி சாயங்காலம்" விஷயம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி இருக்கும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. திங்கட்கிழமை மதியம் 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி 18½ மணி பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் செவ்வாய் காலை 6.30. அதில் 12-ஐக் கழித்தால் நியூயார்க்கில் திங்கள் மாலை 6.30. காகிதத்தில் ஆறரை மணி நேரப் பயணம்! இதே விமானம் டிசம்பரில் இறங்கினால் அங்கே மணி 5.30, ஏனென்றால் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். திரும்பும்போது இதற்கெல்லாம் சேர்த்துப் பழி வாங்கும். கோடையில் திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால் 19 மணி கழித்துச் சிங்கப்பூரில் புதன் விடியற்காலை 5 மணி. செவ்வாய்க்கிழமையைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள், ஆனால் ஜன்னல் வழியாக மட்டும். புதன்கிழமை ஏதாவது முக்கியமான வேலை வைத்திருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கவனியுங்கள். செவ்வாய் வந்துவிடலாம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

இவ்வளவு தூரம் நிற்காமல் பறப்பது சாமானியமான வேலை இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வழியை 2004-இல் நியூயார்க்கை ஒட்டியுள்ள நுவார்க் விமான நிலையத்துக்குத் தொடங்கியது, நான்கு என்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில். அது எரிபொருளைக் குடித்துத் தள்ளும் விமானம். எல்லா இருக்கைகளையும் எடுத்துவிட்டு, 100 பிசினஸ் வகுப்பு இருக்கைகள் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில் இரண்டே என்ஜின் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரத்துக்கான வகை) வந்ததும் மறுபடி தொடங்கினார்கள். நியூயார்க் ஜேஎஃப்கே நிலையத்துக்கு 2020 நவம்பரில் தொடங்கியது. அந்த யுஎல்ஆர் விமானத்தின் டாங்கிகளில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையாகப் பார்த்தால் சுமார் 130 டன். கிளம்பும்போது விமானத்தின் மொத்த எடையே 280 டன்னுக்குள் இருக்க வேண்டும். ஆக, டாங்கிகளை முழுக்க நிரப்பினால் ஏறத்தாழ பாதி எடை எரிபொருள்தான். கடைசி மணி நேரத்துக்கு வேண்டிய எரிபொருளை முதல் 17 மணி நேரமும் சுமந்துகொண்டு போக வேண்டும், சுமப்பதற்கும் எரிபொருள் வேண்டும். அதனால்தான் அதில் மொத்தமே 161 இருக்கைகள், சாதாரண வகுப்பே கிடையாது.

சாதாரண வகுப்பில் போக வேண்டும் என்றால் நடுவில் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் தூரம் எக்கச்சக்கமாகக் கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,280 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,190. மொத்தம் 16,470. கூடுதல் 1,100 கி.மீ.தான். ஆனால் ஒரு தடவை இறங்கி, நின்று, மறுபடி ஏறுவதில் நேரம் போகிறது, மொத்தம் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகும். முன்பதிவு செய்யும்போது ஒரு சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள்: "டைரக்ட்" என்றால் நடுவில் நிற்காது என்று அர்த்தம் இல்லை. ஒரே விமான எண்ணில் போனால் போதும், நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறினாலும் அது டைரக்ட்தான். நிற்காமலே போவது "நான்ஸ்டாப்".

19 மணி நேரமா என்று மலைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1943 முதல் 1945 வரை, ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரிக்குக் கடல் விமானங்களை ஓட்டியது. தூரம் சுமார் 5,600 கி.மீ.தான், சிங்கப்பூர் – நியூயார்க்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பறந்த நேரம் 27 முதல் 33 மணி. எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று வானொலியை அணைத்துவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் போனார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். நடுவில் நிற்காமல் பறந்த நேரக் கணக்கில் அதை இன்றைய எந்த வழக்கமான பயணிகள் சேவையும் மிஞ்சவில்லை.

வேறு இரண்டு ஊர்களுக்கு நீங்களே கணக்குப் போட வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள்: பெருவட்டத் தூரத்தைக் கி.மீ.யில் எடுத்து 900-ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஊரவும் ஒரு முக்கால் மணி சேருங்கள். லண்டன் – நியூயார்க் 5,550 கி.மீ. வகுத்தால் 6 மணி 10 நிமிடம், முக்கால் மணி சேர்த்தால் 7-ஐ ஒட்டி வரும். மேற்கே போனால் அதில் முக்கால் மணியோ ஒரு மணியோ கூட்டுங்கள், கிழக்கே வந்தால் கொஞ்சம் குறையுங்கள், குளிர்காலமாக இருந்தால் இரண்டையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. சிங்கப்பூர் – நியூயார்க்குக்கு இதே சூத்திரம் 17 மணி 50 நிமிடம் தருகிறது. அட்டவணையில் இருப்பதோ அதைவிட முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை அதிகம். துருவக் குறுக்குவழியை விட்டுச் சுற்றிப் போவது அதில்தான் தெரிகிறது.

ஆளைக் கூப்பிடப் போகிறவர்கள் இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டாம். கதவை மூடிய பிறகு விமானி மைக்கில் "இன்றைக்குப் பறக்கும் நேரம் 17 மணி 40 நிமிடம்" என்று சொல்வார். அது அன்றைய காற்றையும் அன்றைய பாதையையும் வைத்துப் போட்ட எண். வருகிறவரிடம் அதைக் கேட்டு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது விமான எண்ணைப் போட்டு இணையத்தில் அது எங்கே பறக்கிறது என்று பாருங்கள். இறங்கிய பிறகு குடிவரவு வரிசைக்கும் பெட்டிக்குமாக இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம், அவசரப்பட்டுப் போய் நிற்காதீர்கள்.